ஒத்திவைப்பு என்ற சொல்லும் ஒரு மார்ச் 31-ஆம் தேதியும்

2023 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை மாலை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுவதும் ஃபோம் துண்டுகள் பரவிக் கிடந்தன. பதின்மூன்று வயது மகள், தான் உயிராக நேசிக்கும் ஒரு விண்வெளித் தொடரின் படைத்தலைவி வேடத்துக்காக நான்கு மாதமாகத் தன் கையாலேயே கவசம் செய்துகொண்டிருந்தாள். அன்று இடது தோள்கவசத்தின் விளிம்பைப் பசைத் துப்பாக்கியால் ஒட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. மார்ச் 11, 12 தேதிகளில் பர்மிங்காமில் நடக்கவிருந்த ரசிகர் மாநாடு தவிர்க்க முடியாத காரணங்களால் செப்டம்பர் 16, 17 தேதிகளுக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்றும், வாங்கிய டிக்கெட்டுகள் அனைத்தும் தாமாகவே புதிய தேதிக்குச் செல்லுபடியாகும் என்றும், நாங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. மகள் வாசித்துவிட்டுப் பசைத் துப்பாக்கியின் மின்இணைப்பைப் பிடுங்கினாள். "பரவாயில்லை அம்மா, இன்னும் நன்றாகச் செய்ய நேரம் கிடைக்கும்" என்றாள். எதுவும் செய்யத் தேவையில்லை என்ற வரியை நம்பி நானும் எதுவும் செய்யவில்லை. அடுத்த பத்து மாத அலைச்சல் அங்கிருந்துதான் தொடங்கியது.

லண்டனின் தென்புறத்தில் குரோய்டனில் வசிக்கிறோம். பிரிட்டனில் ரசிகர் மாநாடுகள் இரண்டு விதமாக நடக்கின்றன. லண்டன் எக்ஸெல், பர்மிங்காம் என்.இ.சி. போன்ற பெரிய கண்காட்சி அரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் திரளும் பெரிய நிகழ்ச்சிகள் ஒரு வகை. ஒரே ஒரு தொடரின் ரசிகர்களுக்காக, ஒரு விடுதியின் விழா அரங்கை வாடகைக்கு எடுத்து, நான்கைந்து நடிகர்களை அழைத்துச் சில நூறு பேருடன் நடத்துபவை இன்னொரு வகை. இரண்டாவது வகையில்தான் நடிகரை அருகில் பார்த்து இரண்டு வார்த்தை பேச முடியும் என்பதால் எங்களுக்கு அதன் மேல்தான் ஆசை. ஆனால் பெரிய நிகழ்ச்சிகளை நடத்தும் நிறுவனங்களுக்குப் பின்னால் இருக்கும் பணபலம், சிறிய மாநாட்டை நடத்தும் இரண்டு மூன்று பேருக்கு இருப்பதில்லை. இந்த வேறுபாட்டை டிக்கெட் வாங்கும் நேரத்தில் நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

2022 அக்டோபர் 8-ஆம் தேதி என் கடன் அட்டையில் இரண்டு நுழைவுச் சீட்டுகள் வாங்கினேன். எனக்கு 145 பவுண்டு, மகளுக்கான சிறுவர் சீட்டு 75 பவுண்டு. நடிகர்களுடன் படம் எடுத்துக்கொள்ள இடம் ஒன்றுக்கு 40 பவுண்டு வீதம் மூன்று இடங்களை ஜனவரியில் டெபிட் அட்டையில் வாங்கினேன். மாநாடு நடக்கவிருந்த விடுதியிலேயே இரண்டு இரவுகளுக்கு அறை, 186 பவுண்டு. திரும்பக் கேட்க முடியாத கட்டணம் அது. விரும்பினால் ரத்து செய்துகொள்ளக்கூடிய கட்டணத்தைவிட 18 பவுண்டு குறைவு என்று அதைத் தேர்ந்தெடுத்தேன். யூஸ்டனிலிருந்து பர்மிங்காம் இன்டர்நேஷனல் நிலையத்துக்குப் போக வர, முன்பதிவுச் சலுகையில் இருவருக்கும் சேர்த்து 48 பவுண்டு. மொத்தம் 574 பவுண்டு. இதில் மாநாட்டு அமைப்பாளர் கையில் இருந்தது 340 பவுண்டு மட்டும்தான். மாநாடு தள்ளிப்போனால் அமைப்பாளரிடம் கேட்கலாம் என்று எல்லாரும் நினைக்கிறோம். பாதிக்குக் கொஞ்சம் குறைவான பணம் அவரிடம் இல்லவே இல்லை என்பது கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

விடுதிக்குப் பேசினேன். மாநாடு தள்ளிப்போனது எங்கள் முடிவு இல்லை, அறை உங்களுக்காகக் காத்திருக்கிறது, மார்ச் 11 அன்று தாராளமாக வந்து தங்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. ரயில் சீட்டை ஒரு கட்டணம் செலுத்தி வேறு தேதிக்கு மாற்றலாம். ஆனால் செப்டம்பர் மாத முன்பதிவு அப்போது திறந்திருக்கவில்லை. பயணக் காப்பீட்டில் கேட்டுப் பார்த்தேன். எனக்கு உடல்நலம் கெட்டுப் போக முடியாமல் போனால் காப்பீடு உண்டு, நிகழ்ச்சி நடத்துபவர் தேதியை மாற்றினால் இல்லை என்றார்கள். ஆக, முதல் ஒத்திவைப்பு அன்றே 234 பவுண்டு கையை விட்டுப் போய்விட்டது.

இத்தகைய மாநாடுகள் ஏன் தள்ளிப்போகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தெளிவாகும். பெயர் பெற்ற நடிகர் ஒருவர் மாநாட்டுக்கு வருவதற்கு இவ்வளவு தொகை உறுதி என்று அமைப்பாளர் ஒப்பந்தம் செய்கிறார். கையெழுத்திலும் படத்திலும் அவ்வளவு வசூலாகாவிட்டாலும் அந்தத் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். அரங்குக்கு முன்பணம், விமானச் செலவு, விடுதிச் செலவு ஆகியவையும் நிகழ்ச்சிக்கு முன்பே போய்விடுகின்றன. இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? நாம் முன்கூட்டியே வாங்கும் டிக்கெட்டிலிருந்துதான். நாம் கொடுத்த பணம் நிகழ்ச்சி நடக்கும் வரை தனிக் கணக்கில் பத்திரமாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். தனியாக வைப்பதாக அமைப்பாளர் எழுத்தில் சொல்லியிருந்தாலொழிய அப்படி இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லையென்றால், ரத்து என்று அறிவித்தால் எல்லாருக்கும் பணம் திருப்ப வேண்டும். அதற்கான பணம் ஏற்கெனவே செலவாகியிருக்கும். ஒத்திவைப்பு என்று அறிவித்தால் அந்தச் சுமை ஆறு மாதம் தள்ளிப்போகிறது. எல்லா ஒத்திவைப்பும் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் அமைப்பாளர்கள் அந்தத் தொடரை எங்களைப் போலவே நேசித்தவர்கள், மாநாட்டை நடத்திவிடலாம் என்று கடைசிவரை நம்பியவர்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர்களுடைய நம்பிக்கைக்கு என் பணம் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ரத்துக்கும் ஒத்திவைப்புக்கும் உள்ள பெரிய வேறுபாடு காலம். ரத்து என்றால் கதை முடிந்தது. அன்றே பணத்தைக் கேட்போம், வங்கியும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்ளும். ஒத்திவைப்பில் நாம் காத்திருக்கிறோம், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நமக்கு இருக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. இணையக் கட்டணச் சேவையான பேபாலில் கட்டணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் பதிய வேண்டும்; அக்டோபரில் பேபாலில் வாங்கியவர்களுக்கு அந்தக் கெடு ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது, அப்போது அவர்கள் செப்டம்பருக்காக நாளெண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நவம்பர் 9 வரை அது நீடித்தது. பெரிய படப்பிடிப்பு நிறுவனங்களின் படைப்புகளைச் சங்க உறுப்பினர்கள் விளம்பரப்படுத்தக் கூடாது என்பது விதி என்பதால், மாநாடுகளில் அவற்றைப் பற்றி மேடையில் பேசுவதே சிக்கலானது. பல நடிகர்கள் வராமலே ஒதுங்கினார்கள். எங்கள் மாநாட்டின் மூன்று முக்கிய விருந்தினர்களில் ஒருவர் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர். அவர் வர இயலாது என்று ஆகஸ்டு தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. விருந்தினர் ஒருவர் விலகினால் அவருடன் எடுக்கவிருந்த படத்துக்கான 40 பவுண்டு மட்டுமே திரும்பும், நுழைவுச் சீட்டுக்குத் திரும்பாது என்ற நிபந்தனை, டிக்கெட் வாங்கியபோதே சிறிய எழுத்தில் இருந்தது. யாரைப் பார்ப்பதற்காகப் போகிறோமோ அவர் வராவிட்டாலும் மாநாடு நடந்ததாகவே கணக்கு. இதைப் படிக்காமல் எந்த டிக்கெட்டும் வாங்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்டு நடுவில், செப்டம்பருக்கு மீண்டும் அறை பதிவு செய்ய அதே விடுதிக்குத் தொலைபேசியில் பேசினேன். இந்த முறை ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில்தான் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண், திருமணத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டார். எந்தத் திருமணம் என்றேன். 16-ஆம் தேதி விழா அரங்கு முழுவதும் ஒரு திருமணத்துக்குக் கொடுத்திருக்கிறோம் என்றார். ரசிகர் மாநாடு ஒன்று இருக்கிறதே என்று கேட்டபோது, அந்தப் பெயரில் அந்த வார இறுதிக்குப் பதிவே இல்லை என்று கணினியைப் பார்த்துச் சொன்னார். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மகள் மாடியில் கவசத்துக்கு வெள்ளி வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள், அந்த வாடை படிக்கட்டு வரை வந்துகொண்டிருந்தது. அமைப்பாளரின் அறிவிப்பு ஆகஸ்டு 22-ஆம் தேதிதான் வந்தது. வேலைநிறுத்தம் காரணமாக மாநாடு 2024 ஏப்ரல் 13, 14 தேதிகளுக்கு ஒத்திவைக்கப்படுகிறதாம். வேலைநிறுத்தம் உண்மைதான். ஆனால் அரங்கு அதற்கு முன்பே கைமாறியிருந்தது.

எந்த மாநாட்டுக்கு டிக்கெட் வாங்கும் முன்பும் அரங்கை அழைத்துக் கேட்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். இரண்டு நிமிட வேலைதான். பெரிய அரங்குகள் தம் நிகழ்ச்சி நாட்காட்டியை இணையத்திலேயே வெளியிடுகின்றன. விடுதிகள் தொலைபேசியில் சொல்கின்றன. அமைப்பாளர் தேதி அறிவித்த பிறகும் அரங்கின் நாட்காட்டியில் அந்த நிகழ்ச்சி இல்லையென்றால், அது வரும்வரை நான் வாங்குவதில்லை. கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவகத்தின் தளத்தில் நிறுவனத்தின் பெயரை இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எப்போது பதிவானது, இயக்குநர்கள் யார், அவர்கள் முன்பு நடத்திக் கலைத்த நிறுவனங்கள் உண்டா, ஆண்டுக் கணக்கு நேரத்துக்குத் தாக்கலாகியிருக்கிறதா என்பதெல்லாம் அங்கே இருக்கும். எங்கள் அமைப்பாளரின் கணக்கு கெடு கடந்தும் தாக்கலாகவில்லை என்பதை நான் பார்த்தது ஆகஸ்டில். 2022 அக்டோபரில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏப்ரலுக்கு ஒத்திவைத்த அறிவிப்பு வந்த மறுநாளே அமைப்பாளருக்கு எழுதினேன். ஏப்ரல் தேதியை நான் ஏற்கவில்லை, முழுப் பணத்தையும் 14 நாளில் திருப்ப வேண்டும் என்று இரண்டே வரி. ஒத்திவைத்தால் டிக்கெட் செல்லுபடியாகும், பணம் திரும்பாது என்று நிபந்தனையில் இருப்பதாகப் பதில் வந்தது. ஒரு குறிப்பிட்ட தேதிக்கென்று விற்ற நிகழ்ச்சியை வேறு தேதிக்கு மாற்றிவிட்டு, வர முடியாதவருக்குப் பணம் தர மறுக்கும் நிபந்தனை, 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி நியாயமற்றது என்று வாதிட இடமுண்டு. ஸ்டார் என்னும் டிக்கெட் விற்பனையாளர் சங்கத்தின் உறுப்பினர்களோ, புதிய தேதியில் வர இயலாதவருக்குச் சீட்டின் முகவிலையைத் திருப்புவதாகவே நெறிமுறை வகுத்திருக்கிறார்கள். எங்கள் அமைப்பாளர் டிக்கெட்டைத் தன் தளத்திலேயே நேரடியாக விற்றவர். அந்தச் சங்கத்தில் இல்லை.

அப்போதுதான் மற்றவர்கள் எப்படி நடத்தினார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் பெரிய ரசிகர் மாநாடான சான் டியேகோ காமிக்-கான் 2020 ஏப்ரலில், பெருந்தொற்று காரணமாக, ஐம்பதாண்டு வரலாற்றில் முதல்முறையாக ரத்தானது. பணத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா, 2021-க்கு மாற்றிக்கொள்கிறீர்களா என்று நுழைவட்டை வாங்கியவர்களிடமே கேட்டார்கள். 2021 ஜூலையிலும் நேரில் நடத்த முடியாமல், முழு அளவில் 2022 ஜூலையில்தான் மீண்டும் நடந்தது. காத்திருந்தவர்கள் தாமே தேர்ந்தெடுத்துக் காத்திருந்தார்கள். இன்னொன்று 2018 ஏப்ரலில் பால்டிமோர் நகரில் நடக்கவிருந்த யுனிவர்சல் ஃபேன்கான். கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய அந்த மாநாடு, நடக்க ஒரு வாரமே இருக்கும்போது ஒத்திவைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. விமானச் சீட்டும் விடுதியும் கையில் வைத்துக்கொண்டு நின்ற ரசிகர்களுக்காக, அதே வார இறுதியில் விக்காமிக்கான் என்ற பெயரில் ஒரு சிறிய மாநாட்டை ஆர்வலர்கள் சில நாட்களுக்குள் கூட்டினார்கள். அதைப் படித்தபோது கண் கலங்கியது. ரசிகர்களுக்கு மாநாடு என்றால் என்ன என்பதை அந்த ஆர்வலர்கள் அறிந்திருந்தார்கள்.

அக்டோபர் 3-ஆம் தேதி என் வங்கிக்குப் பேசினேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்றைக்கு வாங்கினீர்கள் என்றார். 2022 அக்டோபர் 8 என்றேன். சற்று நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: நிகழ்ச்சி நடக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாளுக்குள் சார்ஜ்பேக் (அட்டையில் கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறும் முறை) கேட்கலாம், ஆனால் பணம் செலுத்திய நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது, உங்களுக்கு அந்த 540-ஆவது நாள் 2024 மார்ச் 31. மாநாட்டின் புதிய தேதி ஏப்ரல் 13. பதின்மூன்று நாள் வித்தியாசம். மாநாடு நடக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்று காத்திருந்தால், கேட்கும் உரிமை மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்கும். ஏப்ரல் தேதியை எழுத்தில் மறுத்தது நல்லதாயிற்று, அதனால் செப்டம்பர் 16-ஐ வைத்தே எண்ணலாம் என்றும் சொன்னார். நான் கோபத்தில் எழுதிய இரண்டு வரி எனக்குத் தெரியாமலே என்னைக் காப்பாற்றியிருந்தது.

அவர் விளக்கிய இன்னொரு செய்தியை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவுப்படி, கடன் அட்டையில் வாங்கிய ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மிகாமலும் இருந்தால், விற்றவரைப் போலவே அட்டை வழங்கிய நிறுவனமும் பொறுப்பு. சார்ஜ்பேக் என்பது விசா, மாஸ்டர்கார்டு போன்றவற்றின் விதி; 75-ஆவது பிரிவோ சட்டம், இங்கிலாந்தில் ஆறாண்டு வரை உரிமை கோர இடம் தருகிறது. ஆனால் கவனிக்க வேண்டியது, கணக்கில் வருவது பில்லின் மொத்தத் தொகை இல்லை, ஒரு பொருளின் விலை. நான் ஒரே பில்லில் 220 பவுண்டு கட்டியிருந்தாலும், என் 145 பவுண்டுச் சீட்டு மட்டுமே சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தது. மகளின் 75 பவுண்டுச் சீட்டு வரவில்லை. 40 பவுண்டுப் படச்சீட்டுகள் விலையாலும் வரவில்லை, டெபிட் அட்டையில் வாங்கியதாலும் வரவில்லை. அவற்றுக்கெல்லாம் சார்ஜ்பேக் மட்டுமே வழி. இடையில் பேபால் போன்ற மூன்றாவது நிறுவனம் வந்தால் 75-ஆவது பிரிவின் சங்கிலி அறுந்துபோகவும் கூடும். வங்கி மறுத்தால், அதன் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வங்கி நான்கு சான்றுகள் கேட்டது: முதல் தேதியைக் காட்டும் விளம்பரம், ஒத்திவைப்பு மின்னஞ்சல்கள், நான் பணம் கேட்டு எழுதியது, அவர்கள் மறுத்தது. மின்னஞ்சல்கள் இருந்தன. விளம்பரத்துக்குத்தான் திண்டாட்டம், ஏனென்றால் அமைப்பாளரின் பக்கத்தில் மார்ச்சும் இல்லை, செப்டம்பரும் இல்லை, முதலிலிருந்தே ஏப்ரல்தான் என்பதுபோல் மாற்றி எழுதியிருந்தார்கள். மகள்தான் உதவினாள். டிக்கெட் வாங்கிய அன்று தோழிகளுக்கு அனுப்புவதற்காக அவள் எடுத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டில் தேதி, விருந்தினர் பெயர்கள், விலை எல்லாம் இருந்தன. ஓரத்தில் அவள் வரைந்த மூன்று நட்சத்திரங்களும் இருந்தன. அந்த நட்சத்திரங்களோடுதான் வங்கிக்கு அனுப்பினேன். இப்போது டிக்கெட் வாங்கும்போதே நிகழ்ச்சிப் பக்கத்தையும் நிபந்தனைப் பக்கத்தையும் முழுதாகப் படமெடுத்து வைத்துவிடுகிறேன்.

நவம்பர் பாதியில் சார்ஜ்பேக் தொகையும், டிசம்பர் தொடக்கத்தில் 145 பவுண்டும் வந்து சேர்ந்தன. 340 பவுண்டும் திரும்பியது. 2024 ஜனவரியில் அமைப்பாளரின் நிறுவனம் கலைப்புக்குப் போனது.

லெஸ்டரில் இருக்கும் என் தோழிக்கு அப்படி அமையவில்லை. வங்கி மாற்றல் மூலம் கட்டினால் ஐந்து விழுக்காடு தள்ளுபடி என்று அமைப்பாளர் அறிவித்ததை நம்பி, தனக்கும் கணவருக்கும் சேர்த்து அப்படியே கட்டியிருந்தார். அட்டை இல்லையென்றால் சார்ஜ்பேக்கும் இல்லை, 75-ஆவது பிரிவும் இல்லை. நிறுவனத்தைக் கலைக்க நியமிக்கப்பட்ட லிக்விடேட்டரிடம் தனக்கு வர வேண்டிய தொகையைப் படிவத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறார். டிக்கெட் வாங்கியவர்கள் பிணையில்லாக் கடன்காரர்கள் என்பதால் வரிசையில் கடைசிப் பக்கம் நிற்கிறார்கள். லிக்விடேட்டரின் செலவு, ஊழியர் சம்பள பாக்கி, 2020 டிசம்பரிலிருந்து வரித்துறைக்குச் சேர வேண்டிய மதிப்புக்கூட்டு வரி போன்றவை எல்லாம் அவர்களுக்கு முன்னால் வருகின்றன. அமைப்பாளர் அட்டையைத் தவிர்த்து வங்கி மாற்றலுக்குத் தள்ளுபடி தருகிறார் என்றால், அந்தத் தள்ளுபடிக்கு ஈடாக நாம் விட்டுக்கொடுப்பது எது என்று பாருங்கள். தோழியின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஒரு மாநாடு நடந்து முடியும் முன்பே அதன் அடுத்த ஆண்டு டிக்கெட்டைச் சலுகை விலையில் விற்பதும் எனக்கு இப்போது கவலை தருகிறது. கைப்பணம் வற்றிப்போனவர்தான் பெரும்பாலும் அப்படிச் செய்வார் என்று நினைக்கிறேன்.

2024 மே மாதக் கடைசியில் எக்ஸெல் அரங்கில் நடந்த எம்.சி.எம். காமிக் கான் என்ற பெரிய ரசிகர் மாநாட்டுக்குப் போனோம். பத்து நாளுக்கு முன்புதான் டிக்கெட் வாங்கினோம், கடன் அட்டையில். அறை தேவைப்படவில்லை, எலிசபெத் லைன் ரயிலில் போய் அன்று மாலையே திரும்பினோம். கிளம்பும் முன் கவசத்தைப் போட்டுப் பார்த்தபோது, பதினைந்து மாதத்தில் மகள் வளர்ந்துவிட்டிருந்ததால் உள்ளங்கியின் கைகள் மணிக்கட்டுக்கு இரண்டு அங்குலம் மேலேயே நின்றன. முந்தின இரவு கறுப்புத் துணியில் பட்டை வெட்டி இரண்டு கையிலும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். தோள்கவசம் மட்டும் சரியாகப் பொருந்தியது. அரங்கின் நடைபாதையில் அதே தொடரின் வேறொரு வேடத்தில் வந்த பெண் ஒருவர் ஓடி வந்து, அந்த விளிம்பை எப்படி ஒட்டினாய் என்று கேட்டார். மகள் பதினைந்து நிமிடம் நின்று விளக்கினாள்.